நெல்லின் சுற்றமும் காவிரிக்கரை உழவும்

அரசலாறும் திருமலைராஜன் ஆறும் முடிகொண்டான் ஆறும் காவிரியின் நீரைப் பகிர்ந்துகொண்டு கீழைக்கடலை நோக்கி இறங்கும் சமவெளியில், சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற பெருங்கோயிலைத் தன்னகத்தே கொண்ட நன்னிலத்தையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் பொறுத்தவரை, தானியம் என்றால் நெல்லே என்னும் எண்ணம் பல நூற்றாண்டுகளாக வேரூன்றி நின்றது. வரகும் தினையும் சாமையும் மேட்டு நிலத்தாரின் உணவு. கேழ்வரகும் கம்பும் சோளமும் மேற்கேயுள்ள வானம் பார்த்த பூமியின் விளைவு. கோதுமையோ நவக்கிரக பூஜையில் சூரியனுக்குரிய தானியமாக, சந்திரனுக்குரிய நெல்லின் அருகே ஒரு பிடி வைக்கப்படுவதோடு சரி. நெல்லை உண்பவன், வரகை உண்பவன் என்று மனிதரையே தரம் பிரித்துப் பேசிய காலமும் இருந்தது. அந்தத் தானியங்கள் யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதும், அவற்றின் மரபுப்பொருள் பெரும்பகுதி ஒரே வரிசையில் அமைந்திருக்கிறது என்பதும், இந்த உண்மையை நோக்கிய பாதையின் முதற்படிகளுட் சில நம்முடைய சென்னை மாகாணத்து வயல்களிலேயே வைக்கப்பட்டன என்பதும், டெல்டாவின் நெல் வரலாற்றைச் சொல்லும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. விடுபட்ட அந்தப் பகுதியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

புற்களுக்கிடையே உள்ள உறவை முதலில் கண்டவர்கள் சாஸ்திரம் கற்றவர்கள் அல்லர். நடவு வயலில் குனிந்து களை பறிக்கும் பெண்களின் விரல்கள், நெல்லைப் போலவே தழைத்து, நெல்லைப் போலவே பசுமை காட்டி, நெல்லின் தூருக்குள்ளேயே ஒளிந்து நிற்கும் புல்லை இலையின் அடியைத் தடவிப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்கின்றன. இலைத்தாளும் இலையுறையும் சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அந்தக் களைப்புல்லுக்கு அது இல்லை. தாவரவியல் நூல்கள் இவ்விரண்டையும் பிரித்தறியச் சொல்லும் லக்ஷணமும் அதுவே. பறித்து வரப்பில் எறியப்படும் அந்தப் புல், இன்று சிறுதானியக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் குதிரைவாலியின் நேர் இனம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மனிதன் கைகொடுத்த கிளை தானியமாயிற்று. அவன் கையை ஏமாற்றக் கற்ற கிளை களையாயிற்று.

இதைவிட நுட்பமான அறிவொன்று தஞ்சைத் தரணியின் ஊடுபயிர் முறையில் அடங்கியிருந்தது. குறுகிய காலத்தில் விளையும் குறுவை விதையையும், நீண்ட காலம் நிற்கும் ஒட்டடையான் விதையையும் கலந்து ஒரே நாற்றங்காலில் விட்டு, ஒரே வயலில் நடுவார்கள். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் குறுவை முற்றி அறுவடையாகும். அதுவரை கதிர் விடாமல் நின்ற ஒட்டடையான் அதன்பின் மீண்டும் தழைத்து, தையை ஒட்டி இரண்டாவது அறுவடையைக் கொடுக்கும். இரண்டாம் நாற்றங்கால் இல்லை, இரண்டாம் உழவில்லை, இரண்டாம் நடவுமில்லை. ஒரே நீர், ஒரே மண், ஒரே வெயில். ஆயினும் ஒன்று தன் நாளை எண்ணிப் பூக்கிறது, மற்றொன்று பகற்பொழுது குறுகும் பருவம் வரும்வரை காத்திருக்கிறது. நெல்லின் பூப்பு சில இனங்களில் வயதாலும் சில இனங்களில் பகலின் நீளத்தாலும் நிர்ணயிக்கப்படுகிறது என்னும் விஷயத்தை, அதற்கு ஒரு பெயர் கொடுக்காமலே, டெல்டாவின் குடியானவர்கள் தங்கள் வேளாண்மைக்கு அஸ்திவாரமாக்கிக்கொண்டிருந்தார்கள். குறுவை, சம்பா, தாளடி என்னும் போக அமைப்பு முழுவதுமே இந்த வேறுபாட்டின் மீதுதான் எழுந்தது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டு நீர்வரத்து ஒழுங்குபட்டபின் இந்த அமைப்பு மேலும் உறுதி பெற்றது.

கண்ணால் தேர்ந்த அறிவு கணக்காக மாறிய இடம் கோயம்புத்தூர். 1912-ஆம் ஆண்டில் அங்கே நெற்பயிர் அபிவிருத்தி நிலையமும் கரும்பு அபிவிருத்தி நிலையமும் ஏறத்தாழ ஒருங்கே தோன்றின. அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாராக இருந்த பார்னெல் என்னும் ஆங்கிலேயரும், அவருடன் பணியாற்றிய ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும், கீழக்கரையில் பிறந்த கே. ராமையாவும் நெல்லின் உமி நிறமும் அரிசி நிறமும் பிற குணங்களும் தலைமுறைதோறும் எந்த விகிதத்தில் இறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்து, 1917 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் நெல்லின் மரபியலுக்குத் தொடக்க நூல்களின் ஸ்தானத்தைப் பெற்றவை. அந்த நிலையத்தில், கோனாமணி என்னும் நெல்லில் தானாகவே தோன்றிய மாறுபாட்டைத் தனியே பிரித்தெடுத்து 1921-இல் வெளியிட்டதுதான் ஜி.இ.பி. 24, அந்தத் தாவரவியலாரின் பதவிப் பெயரே நெல்லின் பெயராயிற்று. உழவர்களோ அதைக் கிச்சிலிச் சம்பா என்று தங்கள் வீட்டுப் பெயரால் அழைத்தார்கள். சன்ன அரிசியும் நல்ல சுவையும் உடைய இந்த நெல், பிற்காலத்தில் உலகின் பல பாகங்களில் உருவான நெல் ரகங்களுக்கு மூதாதையாக அமைந்தது என்பதைத் தமிழ்நாட்டார் இன்னும் கொஞ்சம் பெருமையோடு நினைவுகூரலாம் என்று தோன்றுகிறது. அடுத்த ஆண்டே, அதாவது 1922-இல், நன்னிலத்துக்கு வடமேற்கே ஆடுதுறையில் டெல்டாவுக்கென்று நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ரங்கசாமி ஐயங்கார் பின்னர் சிறுதானியங்களின் பக்கம் திரும்பி, 1923-இல் தொடங்கிய சிறுதானிய அபிவிருத்தி நிலையத்தின் மூலம் சோளம், தினை, கேழ்வரகு முதலியவற்றுக்கும் நெல்லுக்குச் செய்த அதே கணக்கைச் செய்தார். நெல்லையும் தினையையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கும் பழக்கம் இவ்வாறு நம் நாட்டில் ஒரே தலைமுறையினரிடத்தில் உருவாயிற்று.

நெல்லின் உயிரணுவில் பன்னிரண்டு ஜோடிக் குரோமோசோம்கள் உண்டு என்று ஜப்பானியராகிய குவாடா 1910-இலேயே கண்டிருந்தார். சோளத்துக்குப் பத்து ஜோடி, தினைக்கு ஒன்பது, கம்புக்கு ஏழு, கேழ்வரகுக்குப் பதினெட்டு, வரகுக்கு இருபது என்று ஒவ்வொன்றாகப் பிற தானியங்களின் எண்ணிக்கையும் தெளிவாயிற்று. எண்கள் இப்படி ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்கள், இந்தப் புற்களுக்கிடையே உட்கட்டமைப்பில் ஒற்றுமை இருக்கும் என்று எளிதில் எண்ணியிருக்க மாட்டார்கள். ராமையாவும் அவருடைய சகாக்களும் 1930-களில் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்த நெற்செடிகளையும் ஒன்றரை மடங்காக மிகுந்த நெற்செடிகளையும் கண்டெடுத்து விவரித்தார்கள். 1936-இல் நந்தி என்னும் இந்திய ஆராய்ச்சியாளர், உயிரணுப் பிரிவின்போது நெல்லின் குரோமோசோம் ஜோடிகள் சில மற்றச் சில ஜோடிகளை நாடி அருகருகே சென்று நிற்பதைக் கவனித்து, நெல்லின் பன்னிரண்டு என்பது ஆதியில் ஐந்தாக இருந்ததன் இரட்டிப்பினாலும் பின்னர் நேர்ந்த சேர்க்கையினாலும் வந்தது என்று ஒரு கருத்தை வெளியிட்டார். நுண்ணோக்கியைத் தவிர வேறு கருவியில்லாத காலத்தில், நிழலாகத் தெரிந்த சில கோடுகளின் நெருக்கத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு சொல்லப்பட்ட கருத்து அது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து நெல்லின் குரோமோசோம்களில் அடங்கிய மரபெழுத்து முழுவதும் வாசிக்கப்பட்டபோது, புற்களின் மூதாதையில் குரோமோசோம்கள் அனைத்தும் ஒருமுறை இரட்டித்தன என்பது உறுதியாயிற்று. 2008-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் வகுத்த வம்சாவளியும் ஐந்திலிருந்தே தொடங்கிப் பத்தாகிப் பன்னிரண்டாயிற்று. பின்வந்தோர் ஆதி எண்ணை ஏழு என்று திருத்தினார்கள். எண் ஐந்தாயினும் ஏழாயினும், இரட்டிப்பு நிகழ்ந்தது என்னும் முக்கியமான உண்மையை நந்தி கண்டுவிட்டார் என்பதில் ஐயமில்லை.

கரும்பு நிலையத்தின் பணி இதனினும் துணிகரமானது. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பையும் ஆற்றோரத்துக் காட்டுக் கரும்புப் புல்லையும் கலந்து பெற்ற கோ 205, வட இந்தியக் கரும்புத் தொழிலையே மாற்றியமைத்தது என்பது பலரும் அறிந்தது. வெங்கட்ராமன் அத்துடன் நிற்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் கரும்பைச் சோளத்தோடு கலந்து உயிருள்ள சந்ததியைப் பெற்றார். பிறகு மூங்கிலோடும் கலந்து பார்த்தார். தலைச்சேரியில் பிறந்து கோயம்புத்தூரில் பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த பயிரின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டார். 1945-இல் டார்லிங்டன் என்னும் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை எல்லாம் ஒரே நூலாகத் தொகுத்தார். பேரினம் விட்டுப் பேரினம் தாவிய இந்தக் கலப்புகளால் சர்க்கரை உற்பத்திக்குப் பெரிய லாபம் விளையவில்லை. ஆயினும் கரும்பும் சோளமும் கலக்கக்கூடியவை என்று அன்று மகரந்தத்தால் நிரூபிக்கப்பட்டது; அவை கலந்ததன் காரணம் இன்று விளங்குகிறது: கரும்பின் சிக்கலான மரபுத்தொகையை வாசிக்க முற்பட்டவர்கள் சோளத்தின் மரபுத்தொகையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவு நெருக்கமாக இரண்டின் வரிசையும் பொருந்துகிறது.

ஆடுதுறையின் கதை வேறு வகையானது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கட்டாக்கில் ஏற்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ராமையாவே முதல் இயக்குநரானார். அங்கே 1950-களில், வெப்பநாட்டு நெல்லாகிய இண்டிகாவையும் ஜப்பானிய நெல்லாகிய ஜப்பானிக்காவையும் கலக்கும் பெருமுயற்சி உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவோடு நடந்தது. அந்த முயற்சியின் கிளையாக, நம்முடைய ஜி.இ.பி. 24-ஐயும் ஜப்பானின் நோரின் 10 என்னும் நெல்லையும் கலந்து பெற்ற ஆடுதுறை 27, 1960-களின் நடுவில், தீவிர விவசாய மாவட்டத் திட்டம் நடந்துகொண்டிருந்த தஞ்சையின் குறுவை வயல்களில் வேகமாகப் பரவியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் வந்தது, அதன் பின்னே மற்றக் குட்டை ரகங்கள் வந்தன. ஊடுபயிர் மறைந்தது, ஒட்டடையான் பல ஊர்களில் பெயரளவில் நின்றது.

இந்த ரக வரலாறுகள் எல்லாவற்றிலும் நெல் நெல்லாகவும் சோளம் சோளமாகவும் தனித்தனியே ஆராயப்பட்டன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வழி பிறந்தது 1980-களின் பிற்பகுதியில், குரோமோசோமின் மீது மரபுக்குறிகளை இட்டு வரைபடம் வரையும் முறை வந்த பிறகு. ஒரு பயிரில் கண்ட குறியைக் கொண்டு மற்றொரு பயிரின் குரோமோசோமைத் தேடியபோது, குறிகள் அதே வரிசையில் வந்து நின்றன. 1995-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கிரகாம் மூரும் மைக் கேலும் அவர்களுடைய சகாக்களும், புற்தானியங்களின் மரபுத்தொகைகளை ஒன்றன்மேல் ஒன்று சூழும் வட்டங்களாக வரைந்து, அவற்றின் நடுவே நெல்லை வைத்தார்கள். நெல்லை நடுவே வைத்ததற்குக் காரணம் அதன் மரபுத்தொகை மிகச் சிறியது என்பதும், அதன் துண்டுகளை மாற்றி அடுக்கினாலே கோதுமையும் சோளமும் தினையும் வந்துவிடுகின்றன என்பதும். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழ்ந்த குலங்களில் இத்தனை ஒழுங்கு அழியாமல் நின்றது, அந்த வரைபடத்தைப் பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது.

நெல்லின் மரபெழுத்தை முழுவதும் வாசிக்கும் சர்வதேச முயற்சி 1998-இல் தொடங்கிப் பத்து நாடுகளின் உழைப்பால் 2005-இல் நிறைவெய்தியது. முப்பத்தெட்டு கோடியே தொண்ணூறு லட்சம் எழுத்துகள், 37,544 மரபணுக்கள். இந்தியாவின் பங்காக அமைந்தது பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதி. புது டெல்லியிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் டெல்லிப் பல்கலைக்கழகத்தாரும் அதை வாசித்தார்கள். அந்தக் குரோமோசோமும் பன்னிரண்டாம் குரோமோசோமும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நிறைந்தவை என்பது தெரிந்தது. இரண்டின் முனைகளிலும் ஏறக்குறைய ஒரே வாசகம் இருந்ததும் ஒரு புதிராக எழுந்தது. மூதாதையின் இரட்டிப்பில் உண்டான இணை அது என்றும், இரண்டும் தம்முள் எழுத்துகளைப் பரிமாறிக்கொண்டே வந்ததால் காலம் அதில் தழும்பு பதிக்க முடியாமற் போயிற்று என்றும் பின்னர் விளக்கம் கூறப்பட்டது. கோதுமையின் மிகப் பெரிய மரபுத்தொகையை 2018-இல் முடித்த சர்வதேசக் கூட்டுறவிலும் இந்தியர்கள் ஒரு குரோமோசோமை ஏற்று வாசித்தார்கள்.

நெல்லின் பன்னிரண்டும் சோளத்தின் பத்தும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்; இதில்தான் இந்த ஆராய்ச்சியின் அழகு இருக்கிறது. 2009-இல் சோளத்தின் மரபெழுத்து வெளிவந்தபோது, அதன் முதலாம் குரோமோசோம் நெல்லின் மூன்றும் பத்தும் சேர்ந்தது என்றும், இரண்டாம் குரோமோசோம் நெல்லின் ஏழும் ஒன்பதும் சேர்ந்தது என்றும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. முனையோடு முனை ஒட்டிக்கொண்ட சேர்க்கை அன்று. ஒரு மாலையை நடுவே பிரித்து, மற்றொரு மாலையை அந்த இடைவெளியில் முழுதாகக் கோத்து, மீண்டும் முடிந்தது போன்ற சேர்க்கை. 2012-இல் வாசிக்கப்பட்ட தினையிலும் இதே இரண்டு சேர்க்கைகள் காணப்பட்டன. ஆகவே அவை தினையும் சோளமும் பிரிவதற்கு முன்பே அவற்றின் பொதுமூதாதையில் நேர்ந்திருக்க வேண்டும். தினை அதன்பின் தனக்கென்று மூன்றாவதாக ஒரு சேர்க்கையைச் செய்துகொண்டது: நெல்லின் ஐந்தும் பன்னிரண்டும் அதில் ஒன்றாயின. எனவேதான் அதற்கு ஒன்பது. கேழ்வரகிலோ ஒன்பது இணைகள் இரண்டு மரபுத்தொகுதிகளாக இருமடங்காகி நிற்கின்றன. அந்த ஒன்பதில் ஆறு நெல்லின் ஒவ்வொரு குரோமோசோமோடு அப்படியே பொருந்துகின்றன, மூன்று மட்டும் இரண்டிரண்டின் சேர்க்கை என்று 2007-இல் பெங்களூரைச் சேர்ந்தவர்களும் பங்குகொண்ட ஆய்வொன்று காட்டியது. அன்று ஒழுங்கின்றித் தோன்றிய எண்களில் நெல்லும் சோளமும் தினையும் கேழ்வரகும் கழித்தல் கூட்டலாக ஒரே கணக்கில் அடங்கிவிட்டன.

ஆயினும் மரபுத்தொகையின் பருமனில் இவை வெகுவாக வேறுபடுகின்றன. தினை நெல்லைவிடச் சற்றே பெரியது; சோளம் நெல்லைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு; மக்காச்சோளம் ஆறு மடங்கு; கோதுமை நாற்பது மடங்கு. மரபணுக்களின் எண்ணிக்கை இந்த விகிதத்தில் ஏறவில்லை. ஏறியது மரபணுக்களுக்கிடையே உள்ள இடைவெளி; அதை நிரப்பியவை தாவும் துண்டுகள். குரோமோசோமுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிப் பெருகும் மரபுத்துண்டுகளை மக்காச்சோளத்தில் 1940-களில் கண்டவர் பார்பரா மக்ளின்டாக். பல காலம் அவர் சொல்லைக் கேட்பாரில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது. மக்காச்சோளத்தின் மரபுத்தொகையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இத்தகைய துண்டுகளே.

ஒப்பிட்டுப் பார்த்ததன் பயன் உழவருடைய பழைய தேர்வுகளை விளக்குவதில் முழுமையாக வெளிப்பட்டது. காட்டு நெல் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். உதிராமல் தாளில் நிற்பதுதான் பயிர் நெல்லின் முதல் லக்ஷணம். அறுத்துக் கட்டுக்கட்டிக் களத்துக்குச் சுமந்து அடித்து நெல்லெடுக்கும் டெல்டாவின் வழக்கம் முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பியது. நெல்லில் இந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றில் ஒரே ஓரெழுத்துதான் மாறியிருக்கிறது என்று 2006-இல் கண்டார்கள். 2012-இல் அதைவிட வியப்பான செய்தி வந்தது: ஆப்பிரிக்காவில் சோளத்தைப் பயிராக்கியவர்களும், ஆசியாவில் நெல்லைப் பயிராக்கியவர்களும், அமெரிக்காவில் மக்காச்சோளத்தைப் பயிராக்கியவர்களும், ஒருவரையொருவர் அறியாமலே, இந்தப் புற்களுக்குப் பொதுவான மற்றொரு மரபணுவில் தனித்தனியே நேர்ந்த மாற்றங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மரபணு வரிசை பொதுவாக இருந்ததால், மனிதரின் தேவையும் பொதுவாக இருந்ததால், மூன்று கண்டங்களிலும் தேர்வு ஒரே இடத்தில் போய் நின்றது. குறுவைக்கும் ஒட்டடையானுக்கும் இடையிலான வேறுபாட்டில் கண்டதுபோல, பகலின் நீளத்தை அறிந்து பூப்பைத் தீர்மானிக்கும் நெல் மரபணுவொன்றை ஜப்பானியர் 2000-இல் கண்டுபிடித்தனர். அதன் இணையும் சோளத்தில் உண்டு.

நன்னிலத்தின் தாழ்ந்த வயல்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இளம்பயிர் நாள்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடப்பது புதிதன்று. ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லில், ஒன்பதாம் குரோமோசோமில் இருந்த வெள்ளந்தாங்கும் மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டு, தமிழ்நாட்டில் பொன்மணி என்று வழங்கும் சி.ஆர். 1009-க்குள் கலப்பின் மூலம் செலுத்தப்பட்டது. டெல்டாவின் பள்ளக்கால்களில் அந்த நெல் இன்று விளைகிறது. பெயர் தெரியாத எந்தக் குடியானவரோ ஆற்றங்கரைப் பள்ளத்தில் பிடித்து வைத்திருந்த ஒரு குணம், வரைபடத்தில் இடம் தெரிந்தபின் வேறொரு ஆற்றின் கரைக்கு வந்து சேர்ந்தது.

நம்மிடமும் அத்தகைய நெல்கள் இருந்தன. இன்னும் சில இருக்கின்றன. உவரிலும் வறட்சியிலும் தாங்கும் குழியடிச்சான், களர் நிலத்துக்குரிய களர்பாளை, வேதாரண்யம் பக்கத்துக் குடவாழை, வெள்ளத்தில் உயர்ந்து நிற்கும் காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, வாடன் சம்பா ஆகியவற்றை, 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய விதைத் திருவிழாக்கள் மூலம் மீண்டும் உழவர் கைக்குக் கொண்டுவந்தார். இரண்டு கிலோ விதை வாங்கிச் சென்றவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வகுத்த நியதி. 2018-இலேயே உலகின் 89 நாடுகளைச் சேர்ந்த 3,010 நெல் ரகங்களின் மரபெழுத்து ஒப்பிட்டு வெளியிடப்பட்டது. காவிரிக்கரையின் நெல்களும் ஒவ்வொன்றாக அவ்வாறு வாசிக்கப்பட வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். எழுத்து மட்டும் வாசிக்கப்பட்டால் போதாது. எந்த ஊரின் எந்தப் பள்ளத்தில், எந்த நட்சத்திரத்தில் விதைத்து, எத்தனை நாள் நீரில் நின்று அந்த நெல் பிழைத்தது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் நன்னிலம் வட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் அந்த எழுத்தோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட வேண்டும். கோயம்புத்தூரில் பார்னெலும் ராமையாவும் குணங்களை எண்ணத் தொடங்கியபோதும், ஒவ்வொரு நெல்லின் குணத்தையும் வயலில் நின்று பார்த்த பிறகுதான் கணக்கில் ஏற்றினார்கள்.